தபால் கந்தோரும் லயத்துக் காம்பராவும்

நுவரெலியாவுக்கு வரும் கல்விச் சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. கம்பளைப் பக்கமிருந்து ஏறினால் றம்பொடையில் நீர்வீழ்ச்சி, லபுக்கலையில் தேயிலைத் தொழிற்சாலையும் ஒரு கோப்பைத் தேநீரும். நகரத்துக்குள் வந்ததும் சிவப்புச் செங்கல் தபால் கந்தோருக்கு முன்னால் ஒரு வகுப்புப் படம், விக்டோரியா பூங்கா, கிறகரி வாவியில் படகு. நேரம் மிஞ்சினால் சீதா எலிய கோயிலும் ஹக்கல பூங்காவும். திரும்பிப் போய் எழுதும் கட்டுரையில் ஆளுநர்களின் பெயரும், கட்டடங்கள் எழும்பிய ஆண்டும், ‘சின்ன இங்கிலாந்து’ என்ற பட்டமும் தவறாமல் இருக்கும். புசல்லாவையைத் தாண்டி அந்தப் பஸ் ஏறிவரும் ஒவ்வொரு வளைவிலும் யன்னலுக்கு வெளியே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் தெரிந்தபடியே இருக்கின்றன. அங்கே பஸ் நிற்பதில்லை; கட்டுரையிலும் அவை வருவதில்லை. நுவரெலியாவின் பழைய நகரப் பகுதியை வரலாறாகக் காட்டுவது சரியானதுதான். ஆனால் லயங்களைக் கடந்து போய் நகரத்தை மட்டும் காட்டினால், அந்த நகரத்தின் வரலாறே பிள்ளைக்கு விளங்காது என்று சொல்ல வருகிறேன். லயத்து மக்கள் மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. அந்தத் தபால் கந்தோர் ஏன் அங்கே, ஏன் அந்த ஆண்டில் எழும்பியது என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்கான விடை லயத்தில்தான் கிடக்கிறது.

நகரத்தின் கதையை வழக்கமாக ஆங்கிலேய மருத்துவர் ஜோன் டேவியிலிருந்து தொடங்குவார்கள். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்த சில ஆண்டுகளில் அவர் இந்தச் சமவெளியைக் கண்டார். 1824 முதல் 1831 வரை ஆளுநராயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் இதைப் படையினரும் அதிகாரிகளும் உடல் தேறும் இடமாக்கினார்; அவர் கட்டிய வீடுதான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து ஆட்களும் மாடுகளும் விதைகளும் கொண்டுவந்து ஒரு குடியேற்றம் அமைக்க முயன்று, 1855இல் விட்டுப்போனார். இவை எல்லாம் உண்மை. பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியவையும்தான். ஆனால் இந்தக் கதையில் ஒரு ஆளுக்கு ஒரு வீடு, ஒரு ஆளுக்கு ஒரு வாவி என்று நகரம் தானாக எழும்புகிறது. ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் ஒரு காட்டுவெளிக்குச் செங்கல் எப்படி ஏறியது, பாதையை யார் வெட்டினார்கள், அத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விகள் எழுவதே இல்லை. பார்ன்ஸ் காலத்துப் பாதைகளில் கணிசமானவை கண்டிச் சீமைக் கிராமத்து மக்களின் இராஜகாரிய ஊழியத்தில் வெட்டப்பட்டவை. 1832இல் அந்தக் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்ட பிறகு, பாதை வேலை மெல்ல மெல்லத் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்களின் கைக்கு மாறியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குச் சொந்தமாக்கி, தோட்டக்காரருக்கு மலிவு விலையில் விற்க வழி திறந்தது. நகரம் எழும்புவதற்கு முன்பே அதற்கு வேண்டிய நிலமும் ஆளும் இப்படித் தயாராகிவிட்டன.

1820களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பித் தோட்டத்திலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்குள், மலைநாட்டில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியது. கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களே பறிக்கக் கிடைக்கும். ஆகவே திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து ஆட்கள், ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் வந்து, பழம் பறித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். தொண்டி போன்ற துறைகளில் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே மலையேற வேண்டும். அந்த வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை தீராத வழக்கு. 1841க்கும் 1848க்கும் இடையில் வந்தவர்களில் நால்வருக்கு ஒருவர், ஏறக்குறைய 70,000 பேர், மாண்டதாக 1849இல் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை கணக்கிட்டது. திரும்பும்போது பதியப்படாமல் போனவர்களையும் செத்தவர் கணக்கில் சேர்த்திருக்கலாம் என்று அந்த எண்ணைச் சந்தேகிப்போர் உண்டு. சந்தேகம் நியாயமானதே. என்றாலும் ஒரு பத்திரிகை அப்படி ஒரு எண்ணை அச்சில் போடக்கூடிய நிலையில் அந்தப் பாதை இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து, யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் கால்நடையாகவே நடந்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட வராத ஒரு பாதையை உடம்பால் படித்த பயணம் அது. கல்விச் சுற்றுலா என்ற சொல்லுக்கு நான் அறிந்தவரை அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் இல்லை.

இப்போது நகரத்தின் ஆண்டுகளை எடுத்து இந்தக் கதையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வாவி 1873, ஆளுநர் வில்லியம் கிறகரியின் காலம். குதிரைப் பந்தயத் திடல் 1875. ஹில் கிளப் 1876. பிறகு கொல்ப் கிளப் 1889, தபால் கந்தோர் 1894, விக்டோரியா பூங்கா 1897. முதல் மூன்றும் கோப்பி உச்சத்தில் இருந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை, பின் மூன்றும் தேயிலை நிலைகொண்ட ஆண்டுகளைச் சேர்ந்தவை. நடுவே பதின்மூன்று ஆண்டு இடைவெளி. இது நான் எடுத்துக்கொண்ட ஆறு இடங்களின் கணக்கு மட்டுமே. வேறு கட்டடங்களைச் சேர்த்தால் இடைவெளி சுருங்கலாம். ஆயினும் அந்த இடைவெளியில் நடந்தது என்ன என்று பார்த்தால் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வருவதில்லை. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடியாகத் தெரிந்த பூஞ்சணம், 1880களில் தொழிலையே அழித்துவிட்டது. தோட்டங்கள் கைமாறின, கூலி நிலுவை கிடைக்காமல் ஊர் திரும்பியவர்கள் ஏராளம். கோப்பியை இறக்குவதற்கென்று மலையைக் குடைந்து ஏறிவந்த புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபோது இறக்குவதற்குக் கோப்பி அதிகம் மிஞ்சவில்லை. அந்தத் தண்டவாளத்தைக் காப்பாற்றியது தேயிலை. 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வைத்த செடி, அந்த நூற்றாண்டு முடியும்போது ஏறக்குறைய நான்கு இலட்சம் ஏக்கராயிருந்தது. தேயிலைப் பெட்டி கீழே இறங்கியது, அரிசி மூட்டை மேலே ஏறியது. தபால் கந்தோரின் கூர்மாடக் கோபுரம் எழும்பியது அந்த வரவு செலவின் மேல்தான்.

தேயிலை கொண்டுவந்த பெரிய மாற்றம் ஏக்கர்க் கணக்கில் தெரியாது, குடும்பக் கணக்கில்தான் தெரியும். கொழுந்தை ஏழு நாளைக்கும் பத்து நாளைக்கும் ஒருமுறை எடுத்தாக வேண்டும். வருடம் முழுவதும் எடுத்தாக வேண்டும். பருவத்துக்கு வந்துபோகும் ஆண்களைக் கொண்டு அந்த வேலையை நடத்த முடியாது. பெண்கள் வேண்டும், அவர்கள் தங்க வேண்டும், அவர்களுடைய பிள்ளைகளும் வளர்ந்து கூடையைத் தூக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஒதுங்க என்று கட்டப்பட்ட கூடாரம் போன்ற வரிசைக் கொட்டில், இப்படித்தான் தலைமுறைகள் பிறந்து சாகும் வீடாக ஆகிப்போனது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு காம்பரா. அதற்கு முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. அங்கேயே அடுப்பு, அங்கேயே விறகு, மழை நாளில் அங்கேயே ஈரக் கம்பளியும் படங்கும் காயும். புகை போக வழியில்லாததால் சுவர் மேல்பாதி கரியேறிக் கறுத்திருக்கும். ஒரு வரிசையில் பத்துக் காம்பரா என்றால் ஒரே கூரை, ஒரே வாய்க்கால். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்பக்கத்தில் யன்னலுக்கும் இடமில்லை. அடுத்த காம்பராவில் குழந்தை இருமினால் இந்தக் காம்பராவில் கேட்கும். லயத்துக்கு மேலே காலையில் பேர் போடும் பிரட்டுக்களம், அதற்கப்பால் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா, இன்னும் மேலே கணக்கப்பிள்ளை வீடு, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் காட்சியும் உள்ள இடத்தில் துரை பங்களா. ஒரு மலைச்சரிவில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்து வைத்த நகரத் திட்டம் இது. நுவரெலியா நகரத்தில் கிளப்பும் கடைத்தெருவும் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்த்தவர்கள் அதே திட்டத்தின் சாயலை அங்கேயும் காணலாம்.

தபால் கந்தோரிடமே திரும்பி வருகிறேன், அதுதான் பிள்ளைகள் முதலில் படமெடுக்கும் இடம். 2023 நவம்பரில், இந்தக் கட்டடத்தை ஹோட்டல் முதலீட்டுக்குக் கொடுக்கும் அரசின் யோசனையை எதிர்த்துத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பழைய கட்டடம் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய நிலைப்பாட்டை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அது ஏன் பொதுச் சொத்து என்று பிள்ளைக்குச் சொல்லும்போது செங்கல்லின் அழகோடு நிறுத்திவிடக் கூடாது. தபால் என்பது முகவரியின் கலை. லயத்துக் காம்பராக்களுக்கோ பெரும்பாலும் தனி முகவரி கிடையாது. பெயர், தோட்டம், டிவிஷன், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கோ கடைக்கோ போய்க் குவியும், அங்கிருந்து யாராவது எடுத்துவந்தால் கிடைக்கும். நேர்முகத் தேர்வுக் கடிதமும் வங்கிக் கடிதமும் நாள் கடந்து கையில் சேர்ந்த கதை மலையகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தபோது, மாவட்டத்துக்கு ஒரு எழுத்தும் தோட்டத்துக்கு ஒரு எண்ணும் ஆளுக்கு ஒரு எண்ணும் பொறித்த தகரத்துண்டைக் கொடுத்து, அதைக் காட்டித்தான் முகாமையும் கப்பலையும் புகையிரதத்தையும் கடக்கச் செய்தார்கள். அந்த முறையில் பொதிக்கு ஒட்டும் சீட்டைப் போல ஒரு மனிதருக்கு முகவரி இருந்தது. அவர் போய்ச் சேர்ந்த காம்பராவுக்கு இல்லை. பிறகு இந்த மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் வந்தன. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், மூன்று இலட்சம் பேர் இங்கே இருக்கலாம் என்று இரண்டு தலைநகரங்கள் பேசி முடித்தன. அண்ணன் இந்தியாவின் கூடலூரிலும் தங்கை கொட்டகலையிலுமாகப் பிரிந்த குடும்பங்களை ஒட்டவைத்துக் கொண்டிருந்தவை கடிதங்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் கோபுரத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அது முன்பைவிட அழகாகத்தான் தெரியும்.

லயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதற்கு எழும் மறுப்புகளில் கனமானது ஒன்று உண்டு: நகரத்துக்குச் சான்று இருக்கிறது, லயத்துக்கு என்ன சான்று? கட்டிய ஆண்டு எழுதிய கல் இல்லை, பெயர் தெரிந்த கட்டடக்காரர் இல்லை, ஆசிரியர் எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்? மறுப்பின் முதற்பாதி உண்மை. 1913இல் ஜே. பென்றி லூயிஸ் இலங்கையின் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் உள்ள வாசகங்களைத் தொகுத்துப் பெரிய நூலாக வெளியிட்டார். அது ஐரோப்பியரின் நினைவுக் கற்களைப் பற்றியது. மலைநாட்டில் இருபத்தைந்து வயதில் காய்ச்சலில் இறந்த துரைமாரின் பெயரும் நாளும் அதனால் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. பொகவந்தலாவை சென் மேரிஸ் ஆலய முற்றத்தில், 1879இல் இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரோனும், இராஜகாரியத்தை ஒழிக்கப் பரிந்துரைத்த ஆணைக்குழுவில் ஒருவரான அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரோனும் அடக்கமாகியிருக்கிறார்கள். உலகம் போற்றும் கலைஞர் ஜூலியா. இந்த நாட்டின் உழைக்கும் மக்களையும் அவர் படமெடுத்தார். முகம் இருக்கிறது, பெயர் பெரும்பாலும் இல்லை. அதே பொகவந்தலாவையில் தேயிலைத் தூருக்கடியில் புதைந்தவர்களுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் மறுப்பின் பிற்பாதியை நான் ஏற்கவில்லை. கல்லில் எழுதாவிட்டாலும் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள். நாளாந்தம் பேர் போட்ட செக்ரோல் ஏடுகள் இருக்கின்றன, பிறப்பு இறப்புப் பதிவுகள் இருக்கின்றன. 1869இலேயே ஆபிரகாம் ஜோசப் என்பவர் கோப்பித் தோட்ட வேலையைப் பற்றிக் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்ற நூலை அச்சிட்டிருக்கிறார். பூண்டுலோயாவில் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, கவிதையிலும் நாவலிலும் எழுதியதோடு நில்லாமல் தோட்டத்து நாட்டார் பாடல்களையும் திரட்டி வைத்தார். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடுபவர்கள் இன்னும் ஆடுகிறார்கள். சான்று இல்லை என்பதைவிட, சான்றை யாரும் சுற்றுலாத் தடத்தில் வைக்கவில்லை என்பதே சரி.

அடுத்த மறுப்பு லயத்துக்குள்ளிருந்தே வருகிறது, அதனால் அதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். லயம் அவமானத்தின் அடையாளம், இடித்துத் தள்ள வேண்டியது. அதைப் போய்ப் பாதுகாப்பதா, அதற்குள் வாழ்பவர்களை அறுபது பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதா என்பது அந்த மறுப்பு. கொழுந்து பறிக்கும் பெண்ணை வீதியோரத்தில் நிறுத்திப் படமெடுத்துவிட்டுக் கையில் காசைத் திணிக்கும் பழக்கத்தைக் கண்டவர்கள் இந்தக் கோபத்தைப் புரிந்துகொள்வார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லய வரிசைகளை மூடியது. மண்சரிவு ஆபத்துள்ள இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தும் போக வேறு இடமில்லாமல் இருந்தவர்கள் அவர்கள். ஆகவே வாழும் லயங்கள் போக வேண்டும், அவற்றுக்குப் பதிலாகக் காணி உறுதியோடு தனி வீடு வர வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் எல்லா லயமும் இடிக்கப்பட்ட நாளில், நூற்றைம்பது ஆண்டு இப்படித்தான் வாழ்ந்தோம் என்பதற்கு எது சாட்சி? கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை ஏற்கெனவே இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அங்கே பழைய லயத்துக் காம்பராக்களையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. யாருடைய அடுப்படியையும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுவர் அந்தச் சுவர்தான், அந்த உயரம் அந்த உயரம்தான். வேலைக் கருவிகளும் பாத்திரம் பண்டமும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. கண்டிக்கு மேலே ஹந்தானையில், 1925இல் கட்டிய தொழிற்சாலையில் 2001இல் திறந்த இலங்கைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் போகிறார்கள். அரைக்கும் இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களையும் பார்க்கிறார்கள். நல்ல இடம்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்த வகுப்புக்குத் தேயிலை இயந்திரத்துக்குள் எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்கும்.

பார்க்க என்ன இருக்கிறது, வெறும் கொட்டில்தானே என்பவர்களுக்கு மொரீசியஸ் தீவு விடை சொல்லும். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய இடம், முன்னர் கூலிகளின் பெயரால் அழைக்கப்பட்டு இன்று ஆப்ரவாசி காட் எனப்படுகிறது. 1834 தொடங்கி நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் அதன் வழியாகத் தீவுக்குள் போனார்கள். வீதி போடுவதற்காகப் பாதி இடிக்கப்பட்டு, எஞ்சியது கொஞ்சச் சுவரும் கரையிலிருந்து ஏறும் கல் படிகளும்தான். அதை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கோபுரமோ சிற்பமோ அங்கே கிடையாது. அந்தப் படியில் கால் வைத்தவர்களின் வம்சம்தான் அதைப் பெரிதாக்கியது. நம்முடைய மத்திய மலைநாடும் 2010இல் அதே பட்டியலில் ஏறியது. ஆனால் இயற்கை மரபுரிமையாக: சிவனொளிபாதமலை வனம், ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ். மனிதக் கை படாத மலையை உலகம் அங்கீகரித்தது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த வனங்களின் விளிம்பில் தொடங்கிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மட்டக்குச்சி வைத்து வெட்டியதுபோல் கிடக்கும் மனிதக் கை பட்ட மலைக்கு அப்படி ஒரு பட்டியலில் இன்னும் இடமில்லை.

இது மலையகத் தமிழரின் வரலாறு, எல்லாப் பிள்ளைகளுக்கும் எதற்கு என்று ஒரு குரலும், இது அரசியல், சுற்றுலாவில் எதற்கு என்று இன்னொரு குரலும் வரும். முதலாவதற்கு விடை மேலேயே இருக்கிறது. பார்ன்ஸின் பாதையை வெட்டிய வலப்பனை, கொத்மலைக் கிராமத்தவரும் சேனை நிலத்தை இழந்தவரும் சிங்களவர். லயத்தின் கதையைச் சொல்லாவிட்டால் அவர்களுடைய இழப்பும் சேர்ந்தே மறைகிறது. துரைமாரின் கதை மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாவது குரலுக்கு ஹேவாஹெட்டையைக் காட்டலாம். டெய்லர் உட்கார்ந்திருந்த கல்லாசனத்தைப் பார்க்க லூல்கந்துரவுக்குப் போவது அரசியல் அல்ல என்கிறோம். அதே ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து நின்றபோது சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். முதல் தேயிலைச் செடி வைத்த இடம் வரலாறு, முதல் குண்டு விழுந்த இடம் அரசியல் என்று பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது? பத்தாம் வகுப்புப் பிள்ளை சிகிரியாவில் காசியப்பன் தகப்பனைக் கொன்ற கதையைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறது. கோவிந்தனின் கதையையும் அது தாங்கும்.

எஞ்சியிருப்பது நடைமுறை. பிள்ளைகள் வருடத்தில் ஒருநாள் சந்தோஷமாக இருக்க வருகிறார்கள், படகை வெட்டிவிட்டுத் துயரத்தைக் காட்டாதீர்கள் என்பார்கள் ஆசிரியர்கள். படகை வெட்ட வேண்டாம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் பாதையிலேயே பீக்கொக் தோட்டத்து அருங்காட்சியகத்துக்கு ஒரு திருப்பம்தான் கூடுதலாகத் தேவை. ஒரு நீர்வீழ்ச்சியில் நிற்கும் நேரம் போதும். அங்கே விரிவுரை எதுவும் வேண்டாம். நான்கு பிள்ளைகளிடம் ஒரு அளவு நாடாவைக் கொடுத்துக் காம்பராவை அளக்கச் சொல்லலாம்; அந்த அளவில் சுண்ணக்கட்டியால் பஸ் தரிப்பிடத்தில் ஒரு நீள்சதுரம் வரைந்து, ஒரு குடும்பத்து ஏழுபேர் படுக்க எப்படி இடம் பிரிப்பார்கள் என்று பார்க்கச் சொல்லலாம். தோட்டப் பாடசாலையிலிருந்து வரும் வகுப்பென்றால் அளக்கவே தேவையிராது, பாட்டி சொன்னதை மற்றவர்களுக்குச் சொன்னால் போதும். வழக்கமாக அநுராதபுரத்திலும் கண்டியிலும் பிறர் வரலாற்றைக் குறித்துக்கொண்டு திரும்பும் பிள்ளைகள், அன்று சொல்லிக்கொடுப்பவர்களாக இருப்பார்கள். நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு இன்னொரு இடமும் இருக்கிறது. 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கடியில் போனது. தோட்டத்து ஆட்கள் சம்பளத்தன்று சாமான் வாங்கிய கடைத்தெரு, கும்பிட்ட கோயில் எல்லாம் அதோடு போயின. கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் தண்ணீர் இறங்கி, கோயிலின் எச்சங்களும் அத்திவாரக் கற்களும் சேற்றுக்கு மேலே தெரியும். வயதானவர்கள் அதைப் பார்க்கவென்றே கரைக்கு வருவார்கள். அவர்கள் வரும் நாளில் வகுப்பும் அங்கே நிற்கலாம். அதற்குத் தவணை அட்டவணையைப் பார்த்து நாள் குறித்தால் சரிவராது, நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.